முன்விளிம்பின் விசை: ஒரு கேள்வி, பல எண்கள்

மதுரையைச் சுற்றியுள்ள நெல் வட்டாரங்களில் கதிரறுப்பும் களத்து வேலையும் நடக்கும் நாட்களில், கண்ணில் நெல் பட்டது, தாள் கீறியது, தூசி விழுந்தது என்று கண் மருத்துவரிடம் வருவோர் பலர். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுகிறது என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வட்டாரம் ஒன்றில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுக்கப்பட்ட கணக்கு லட்சத்துக்கு 11 என்ற அளவில் இருந்தது. இங்கே புண்ணுக்குக் காரணமானவற்றில் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை கருவிழிக்குள் நுழைய வழிவிடுவது பெரும்பாலும் மேற்பரப்பில் விழுந்த ஒரு சிறு கீறல்தான். ஆகவே கீறல் எப்படி, எவ்வளவு விரைவில் மூடுகிறது என்பது இந்த ஊருக்கு மிக நெருக்கமான கேள்வி.

கீறல் மூடுவதென்றால் அந்த இடத்தில் புதிய செல்கள் பெருகி நிரப்புகின்றன என்றே பலரும் நினைக்கிறோம். முதலில் நடப்பது அது அன்று. கருவிழியின் மேல் ஐந்து முதல் ஏழு அடுக்குகளாக எபிதீலியச் செல்கள் படிந்திருக்கின்றன. கீறல் விழுந்த சில மணி நேரத்தில் அதன் ஓரத்துச் செல்கள் தட்டையாகி, மெல்லிய ஏடு போன்ற ஒரு பகுதியை வெற்றிடத்தை நோக்கி நீட்டி, தமக்குப் பின்னால் இருக்கும் செல்களோடு பிடி விடாமல் நகரத் தொடங்குகின்றன. மணிக்கு 60 முதல் 80 மைக்ரோமீட்டர் வரையிலான வேகத்தில் செல்லும் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர் தொலைவைக் கடக்க அரை நாளுக்குச் சற்று மேல் ஆகும். செல்கள் பிரிந்து பெருகுவதும், அடுக்குகள் பழைய தடிமனை எட்டுவதும் அதற்குப் பின்னர் நிகழ்பவை.

சோழவந்தான் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் என் அத்தைக்கு ஒருமுறை நெல் தாள் கண்ணில் கீறியது. மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்து, மேல் தோல் இரண்டு மூன்று நாட்களில் தானே நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை என்னிடம், "ஏம்ப்பா, அது தானா ஊர்ந்து வந்து மூடிக்கிருமாம்ல, எதைப் பிடிச்சு ஊர்ந்து வரும்?" என்று கேட்டார். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஊர்வதற்கு ஒரு பிடி வேண்டும், பிடியில் ஒரு விசை இருக்க வேண்டும் என்பதை அத்தை கேள்வியிலேயே வைத்துவிட்டார். அந்த விசையை அளக்க முடியுமா, அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும், எங்கள் துறையின் நுண்ணோக்கியில் மாணவர்களோடு பார்த்ததையும் வைத்து இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில், நகரும் செல் முன்னே நீட்டும் அந்த ஏடு, அதாவது அதன் முன்விளிம்பு, எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். லாமெல்லிப்போடியம் என்று 1970இல் மைக்கேல் அபர்குரோம்பியும் அவருடன் பணியாற்றியவர்களும் பெயரிட்ட அந்த ஏடு, 0.1 முதல் 0.2 மைக்ரோமீட்டர் வரையே தடிமன் கொண்டது. அகலமோ பல மைக்ரோமீட்டர். அதற்குள் செல்லின் பிற உறுப்புகள் எவையும் இல்லை; ஆக்டின் என்ற புரதத்தால் ஆன இழைகளின் வலைப்பின்னல் மட்டுமே நிறைந்திருக்கிறது. ஆர்ப் 2/3 என்ற புரதக் கூட்டு ஏற்கெனவே உள்ள ஓர் இழையின் பக்கத்தில் உட்கார்ந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் புதிய கிளை ஒன்றைத் தொடங்கி வைக்கிறது. இப்படிக் கிளைத்த இழைகளின் வளரும் முனைகள் செல் சவ்வை நோக்கி நிற்கின்றன. விளிம்பின் ஒவ்வொரு மைக்ரோமீட்டர் நீளத்திலும் அத்தகைய முனைகள் நூறு அளவில் இருக்கின்றன என்பது மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து கிடைத்த மதிப்பீடு. ஆக்டின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக இந்த முனைகளில் சேரச் சேர சவ்வு முன்னே தள்ளப்படுகிறது. பின்புறத்தில் வலை அவிழ்ந்து, மூலக்கூறுகள் மீண்டும் முன்னே வருகின்றன.

ஒரு மூலக்கூறு சேர்வதால் எப்படி விசை உண்டாகும் என்ற கேள்விக்குச் சார்ல்ஸ் பெஸ்கின், காரட் ஓடெல், ஜார்ஜ் ஓஸ்டர் மூவரும் 1993இல் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கண்மாய்க் கரையில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஏறும்போது, வண்டி சற்றே முன்னே அசையும் ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்பவர் சக்கரத்துக்கு அடியில் கல்லை நகர்த்தி வைப்பார். கல் வண்டியைத் தள்ளுவதில்லை, கிடைத்த அசைவை இழக்கவிடாமல் காக்கிறது. செல்லில் அசைவைத் தருவது வெப்ப ஆற்றல். சவ்வும் இழையின் முனையும் வெப்பத்தால் இடைவிடாமல் நடுங்குகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு மூலக்கூறு நுழையும் அளவுக்கு இடைவெளி தற்செயலாகத் திறக்கும் கணத்தில் புதிய ஆக்டின் அங்கே சேர்ந்து, சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் செய்துவிடுகிறது. இழை வளைந்து நிமிரும் தன்மையையும் கணக்கில் சேர்த்து, அலெக்ஸ் மொகில்னரும் ஓஸ்டரும் 1996இல் இந்த விளக்கத்தை விரிவாக்கினார்கள்.

இந்தக் கணக்கை ஒரு மாணவர் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். பைக்கோ நியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு சுமார் 4.1 பைக்கோ நியூட்டன் நானோமீட்டர். ஒரு மூலக்கூறு சேர்ந்தால் இழை நீள்வது 2.7 நானோமீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.5 பைக்கோ நியூட்டன் வருகிறது. கட்டற்று மிதக்கும் ஆக்டினின் செறிவு, இழை வளரவும் தேயவும் செய்யாமல் நிற்கும் செறிவைப் போல எத்தனை மடங்கு என்பதன் இயல் மடக்கையால் இதைப் பெருக்க வேண்டும். செல்லுக்குள் அந்த விகிதம் நூறு என்று கொண்டால் ஓர் இழையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 7 பைக்கோ நியூட்டன் தேவை. வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் உச்சவரம்பு இது. எந்த இழையும் இதற்கு மேல் தள்ள முடியாது.

எதை எதிர்த்துத் தள்ளுகிறது என்பதையும் கேட்க வேண்டும். செல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்கே விசை செலவாகிறது என்று எங்கள் மாணவர்கள் முதலில் சொன்னார்கள். ஸ்டோக்ஸ் விதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு பொருள் வினாடிக்கு 0.3 மைக்ரோமீட்டர் வேகத்தில் தண்ணீரில் சென்றால், அதன் மீதான இழுப்பு ஒரு பைக்கோ நியூட்டனில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இழைகளில் ஒன்று மட்டும் வேலை செய்தாலே அதைக் கடந்துவிடலாம். நூற்றுக்கணக்கான இழைகள் தள்ளுவது தண்ணீரை எதிர்த்து அன்று. இழுத்துக் கட்டப்பட்ட தன் சவ்வை எதிர்த்துத்தான். விரைவாக ஊரும் மீன் செல்களில் சவ்வின் இழுவிசை மைக்ரோமீட்டருக்கு நூற்றுக்கணக்கான பைக்கோ நியூட்டன் அளவில் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அதை மைக்ரோமீட்டருக்கு நூறு இழை என்று பகிர்ந்தால் ஓர் இழைக்குச் சில பைக்கோ நியூட்டன் வருகிறது. கரும்பலகையில் போட்ட உச்சவரம்புக்குள் அது அமைதியாகப் பொருந்திவிடுகிறது. முற்றிலும் வேறு வேறு வழிகளில் வந்த இரண்டு எண்கள் இப்படிச் சந்தித்தது வகுப்பில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி தந்தது.

மீன் செல் என்று சொன்னதை விளக்க வேண்டும். மீனின் செதிலை மூடியிருக்கும் தோலில் உள்ள கெரட்டோசைட் என்ற செல், இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. பிறை வடிவில் அகன்ற முன்விளிம்பும் பின்னால் ஒரு சிறு உடலுமாக, நிமிடத்துக்குப் பத்து இருபது மைக்ரோமீட்டர் வேகத்தில், வடிவம் மாறாமல் வழுக்கிச் செல்வது அதன் இயல்பு. வேறு செல்கள் நீட்டுவதும் சுருக்குவதும் திசை மாறுவதுமாக இருக்கையில் இது ஒரே சீராகப் போவதால், விசைக் கணக்கு எளிதாகிறது. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாலூட்டிகளின் செல்லுக்கு வேண்டிய 37 பாகை வெப்பப் பெட்டியும் கரியமில வாயு உருளையும் இதற்கு வேண்டாம். அறை வெப்பநிலையில், காற்றோடு ஒத்துப்போகும் வளர்ப்பு ஊடகத்தில் இது நன்றாக ஊரும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கண்மாய்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை. உயிருள்ள மீனின் பக்கத்திலிருந்து சிறு இடுக்கியால் ஒரு செதிலை எடுத்துவிட்டு, மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டுவிடலாம். செதில் மீண்டும் வளரும். எடுத்த செதிலைக் கண்ணாடி வில்லையில் வைத்து, அதன் மேல் இன்னொரு வில்லையை மெதுவாக அமர்த்தி, ஊடகம் வற்றாமல் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். செதிலின் ஓரத்திலிருந்து செல்கள் முதலில் ஒட்டிய படலமாக வெளியே வருகின்றன. கருவிழியில் கீறல் மூடும்போது நடப்பதற்கு இது மிகவும் நெருங்கிய காட்சி. பிறகு சில செல்கள் தனியே பிரிந்து தம் வழியில் போகின்றன. கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் அந்த மெல்லிய ஏடு சாம்பல் நிறப் பிறையாகத் தெரியும். நகர்வை வெறும் கண்ணால் சிறிது நேரத்திலேயே உணரலாம். கைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி எடுத்த படங்களிலிருந்தே வேகத்தைக் கணக்கிட முடிகிறது. இத்தனையையும் பார்த்துவிட்ட மாணவி ஒருவர், "சார், வேகம் கிடைச்சிருச்சு, விசை எப்படிக் கிடைக்கும்?" என்றார். வேகத்துக்கு ஒரு கடிகாரமும் ஓர் அளவுகோலும் போதும். விசைக்கு, வளையும் ஒரு பொருளைச் செல்லோடு தொடர்புபடுத்த வேண்டும். எந்தப் பொருளை, எங்கே, எப்படித் தொடர்புபடுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

நேரான வழி, போகும் பாதையில் ஒரு தடையை நிறுத்துவது. 2006இல் மார்க்கஸ் பிராஸ், கென் ஜேக்கப்சன், மொகில்னர், மன்ஃபிரட் ராட்மாக்கர் ஆகியோர், ஊர்ந்து வரும் கெரட்டோசைட்டின் முன்னே அணுவிசை நுண்ணோக்கியின் கான்டிலீவரை நிறுத்தி, முன்விளிம்பு அதில் மோதித் தள்ளும்போது அது எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். கான்டிலீவர் என்பது ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட மெல்லிய தகடு. அதன் வில் மாறிலி மீட்டருக்கு 0.01 நியூட்டன் என்று கொண்டால், ஒரு நானோ நியூட்டன், அதாவது ஆயிரம் பைக்கோ நியூட்டன், விசை அதை 100 நானோமீட்டர் வளைக்கும். தகட்டின் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி இந்த வளைவைக் காட்டிவிடும்.

அளவுதிருத்தம் செய்யும் முறையை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சிறிய விசைக்கு ஏற்ற எடைக்கல் கிடையாது. ஒரு மில்லிகிராம் எடையே பத்து மைக்ரோ நியூட்டன், அதாவது நமக்கு வேண்டியதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. ஆனால் தகடு, எதுவும் தொடாமலே வெப்பத்தால் நடுங்கிக்கொண்டிருக்கிறது. வில் மாறிலியை நடுக்கத்தின் சராசரி வர்க்கத்தால் பெருக்கினால் அது வெப்ப ஆற்றலுக்குச் சமம் என்பது சமபங்கீட்டு விதி. நடுக்கத்தை அளந்தால் வில் மாறிலி கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன தகட்டுக்கு அந்த நடுக்கம் சுமார் 0.6 நானோமீட்டர்; அதாவது ஆறு பைக்கோ நியூட்டனுக்குக் கீழே உள்ள விசையைச் சராசரி எடுக்காமல் நம்ப முடியாது. எதைக் கொண்டு அளவுதிருத்துகிறோமோ அதுவே அளவீட்டின் கீழ் எல்லையையும் வகுத்துவிடுகிறது.

அந்தச் சோதனையில் முன்விளிம்பு நின்றுபோன விசை நானோ நியூட்டன் அளவில் இருந்தது. தொடும் அகலத்தையும் இழைகளின் அடர்த்தியையும் கொண்டு பகிர்ந்தால் ஓர் இழைக்குச் சில பைக்கோ நியூட்டன். நாம் முன்பு கண்ட கணக்கோடு இது ஒத்துப்போகிறது. இதோடு விடயம் முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

அதே ஆண்டு, அதே வகைச் செல்லில், சோஃபி போனே, அலெக்சாண்டர் வெர்கோவ்ஸ்கி ஆகியோர் உள்ளிட்ட குழு ஒன்று, திடப்பொருள் எதையும் தொடவிடாமல், நுண்குழாயிலிருந்து நீரோட்டத்தை முன்விளிம்பின் மேல் செலுத்திப் பார்த்தது. மிகவும் வலுக்குறைந்த ஓட்டமே விளிம்பை நிறுத்திவிட்டது. கான்டிலீவர் சோதனையில் கிடைத்ததைவிட மிகச் சிறிய விசை அது. நரம்புச் செல்லின் வளர்முனையை ஒளி இடுக்கியில், அதாவது குவித்த லேசர் ஒளியில், பிடித்த மணியால் மறித்துப் பார்த்த இத்தாலியக் குழுவினர், 2007இல், விரல் போன்ற நீட்சிகள் 3 பைக்கோ நியூட்டனுக்கு மேல் தள்ளவில்லை என்றும், லாமெல்லிப்போடியம் 20 பைக்கோ நியூட்டன் அளவில் தள்ளியது என்றும் எழுதினார்கள். அதே 2007இல் மேத்யூ ஃபூட்டர், ஜூலி தெரியட், மரிலீன் டாக்டெரோம் ஆகியோரின் குழு, செல்லே இல்லாமல், ஏறத்தாழ எட்டு ஆக்டின் இழைகள் கொண்ட ஒரு கற்றையை மட்டும் சுவரில் மோதவிட்டு அளந்தபோது, கற்றை முழுவதும் சேர்ந்து தந்த விசை ஒரு பைக்கோ நியூட்டன் அளவே இருந்தது. அந்தச் செறிவில் ஓர் இழை தனியே தரக்கூடிய விசை அது. இழைகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. எந்தக் கணத்திலும் ஏதோ ஓர் இழைதான் முட்டிக்கொண்டு நின்றது.

ஆயிரம் மடங்கு வேறுபடும் இந்த எண்களை ஒரே வரிசையில் எழுதி, எது சரி என்று கேட்பது பொருந்தாது என்பதே நான் சொல்ல விரும்புவது. முன்விளிம்பின் விசை என்று ஒரு தனி எண் கிடையாது. கருவி எவ்வளவு அகலத்தில் தொடுகிறது, எவ்வளவு வேகமாகச் சுமை ஏறுகிறது, சுமை ஏறுவதற்கு முன் வலை என்ன நிலையில் இருந்தது என்ற மூன்றும் எண்ணுக்குள்ளேயே கலந்திருக்கின்றன. செல் இத்தனை நானோ நியூட்டனில் தள்ளுகிறது என்று பாடநூல்களிலும் அறிமுகக் கட்டுரைகளிலும் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போவது, வெப்பநிலையும் அழுத்தமும் சொல்லாமல் ஒரு வாயுவின் பருமனைச் சொல்வதற்கு ஒப்பான குறைபாடு என்று நான் கருதுகிறேன்.

சுமையின் வரலாறு எவ்வளவு முக்கியம் என்பதைத் தெளிவாகக் காட்டியது 2005இல் டேனியல் ஃபிளெட்சரின் குழு செய்த சோதனை. ஆக்டின் வலையைக் கான்டிலீவருக்கும் ஒரு பரப்புக்கும் இடையே வளரவிட்டு, சுமையை முதலில் கூட்டி, பிறகு பழைய அளவுக்கே குறைத்தார்கள். சுமை ஒன்றே, ஆனால் வலை முன்பைவிட வேகமாக வளர்ந்தது. நடுவில் தாங்கிய பெருஞ்சுமை வலைக்குள் ஏதோ ஒன்றை மாற்றி வைத்திருந்தது. அது என்ன என்பதற்கு விடை 2016இல் பீட்டர் பீலிங், டயிச் மல்லின்ஸ், ஃபிளெட்சர் ஆகியோர் உள்ளிட்ட குழுவிடமிருந்து வந்தது: எதிர்ப்புக் கூடக் கூட வலை அடர்த்தியாகிறது, விறைப்பாகிறது, அதிக இழைகள் சுமைக்குத் தோள் கொடுக்கின்றன. இதைப் படித்த பின் கெரட்டோசைட் அளவீடுகள் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. மெல்லிய நீரோட்டமோ கான்டிலீவரின் முதல் தொடுதலோ பட்டவுடன் விளிம்பின் வேகம் சட்டென்று விழுகிறது. வலைக்கு இன்னும் அடர்த்தியாக அவகாசம் இல்லை. பின்னால் ஊர்ந்து வரும் வலை நெருங்கி, விளிம்போடு சேர்ந்து அழுத்தத் தொடங்கிய பின் விசை மெல்ல ஏறி நானோ நியூட்டனை எட்டுகிறது. யூலியானே சிம்மர்மன், மார்ட்டின் ஃபால்க்கே ஆகியோரின் குழு 2012இல் கெரட்டோசைட்டின் விசைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை இப்படி இரு கட்டங்களாகவே விளக்கியது. முதல் கட்டத்தைப் பார்த்தவர்கள் விளிம்பு வலுவற்றது என்கிறார்கள், இரண்டாம் கட்டத்தைப் பார்த்தவர்கள் வலுவுள்ளது என்கிறார்கள். இருவர் அளவீட்டிலும் குறையில்லை.

இதுவரை பேசியது முன்னே தள்ளும் விசை. அத்தை கேட்டது எதைப் பிடித்து ஊர்கிறது என்று. அது இன்னொரு விசை. அதற்குக் கருவியைச் செல்லின் முன்னே வைக்காமல், கீழே வைக்க வேண்டும்.

1980இல் ஆல்பர்ட் ஹாரிஸ், பாட்ரிசியா வைல்ட், டேவிட் ஸ்டோபக் ஆகியோர், சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பை ஒரு கணம் தீச்சுடரில் காட்டி, திரவத்தின் மேல் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு ரப்பர் ஏட்டை உருவாக்கி, அதன் மேல் செல்களை ஊரவிட்டார்கள். செல்லின் கீழே ஏடு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. செல் தரையை இழுக்கிறது என்பதை நேரில் காட்டிய அழகான சோதனை இது. ஆனால் மடிப்பிலிருந்து விசையின் அளவைத் துல்லியமாகப் பெறுவது கடினம். மைக்கா டெம்போவும் யூ-லி வாங்கும் 1999இல் கொடுத்த முறையே இன்று பரவலாக வழங்குகிறது. சில ஆயிரம் பாஸ்கல் விறைப்புள்ள பாலிஅக்ரிலமைடு களியில் ஒளிரும் நுண்மணிகளைப் புதைத்து, அதன் மேல் செல்லை வைத்து ஒரு படம் எடுக்கிறார்கள். பிறகு செல்லின் பிடியை அறுக்கும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிச் செல்லை அகற்றி, களி தன் இயல்பு நிலைக்குத் திரும்பியதும் இன்னொரு படம். இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு மணியும் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து மேற்பரப்பின் விசைப்பரவலைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

பின்னோக்கிய கணக்கு என்பதுதான் இதன் கடினமான இடம். ஒரு புள்ளியில் விசை கொடுத்தால் மீள்தன்மையுள்ள பரப்பு எங்கே எவ்வளவு நகரும் என்பதற்குப் பூசினெஸ்க் 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்வு கண்டுவிட்டார். அந்த நகர்வு தொலைவு கூடக் கூட மெதுவாகவே குறைகிறது. எனவே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் உள்ள விசைகளின் விளைவுகள் ஒன்றோடொன்று கரைந்து கலந்துவிடுகின்றன. கலந்ததைப் பிரிக்கும்போது, மணியின் இடத்தைக் குறிப்பதில் உள்ள மிகச் சிறு பிழையும் பெருகி, இல்லாத விசைகளைக் காட்டும். அதைத் தடுக்க, விசைப்பரவல் ஓரளவு சீரானது என்றோ, செல்லுக்கு வெளியே விசை இல்லை என்றோ ஒரு கட்டுப்பாட்டை நாமாகவே விதிக்க வேண்டியிருக்கிறது. கட்டுப்பாட்டை இறுக்கினால் உண்மையான கூர்முனைகளும் மழுங்கிவிடும். முன்விளிம்பின் ஓரத்தில் ஓரிரு மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் நடப்பதை அறிய விரும்புவோருக்கு இது பெரிய இடர்ப்பாடு. சிலிக்கோன் தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் தலைமேல் செல்லை ஊரவிடும் முறை 2003இல் வந்தது. அதில் தூணின் வளைவே விசை, பின்னோக்கிய கணக்கே வேண்டாம். ஆனால் தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியைவிட நுணுக்கமாக எதுவும் தெரியாது, செல்லும் தொடர்ச்சியான தரையில் இல்லை.

கெரட்டோசைட்டில் இந்த முறைகள் காட்டிய செய்தி எதிர்பாராதது. வேகமாக முன்னேறும் இந்தச் செல்லின் மிகப் பெரிய விசைகள் முன்விளிம்பில் இல்லை. பிறையின் இரு நுனிகளில், போகும் திசைக்குச் செங்குத்தாக, உட்புறம் நோக்கி இருக்கின்றன. 1994இல் ஜூலியட் லீயும் ஜேக்கப்சனும் உடனிருந்தோரும், 1999இல் டிம் ஆலிவர், டெம்போ, ஜேக்கப்சன் ஆகியோரும் இதைப் பதிவு செய்தார்கள். ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும் மயோசின் என்ற புரதம் பின்புறத்தில் செல்லைக் குறுக்காகச் சுருக்குகிறது, நுனிகள் தரையைப் பிடித்து அதைத் தாங்குகின்றன. முன்விளிம்பின் கீழே தரையில் பதிவாகும் விசை சிறியது, அதுவும் பின்னோக்கியது. அந்தப் பின்னோக்கிய பிடிதான் ஊர்வதற்கான ஊன்றுகோல். இத்தனை மெதுவான உலகில் முடுக்கத்துக்கு இடமில்லாததால், தரையின் மீது செல் செலுத்தும் விசைகளைத் திசையோடு கூட்டினால் எந்தக் கணத்திலும் ஏறத்தாழ பூச்சியமே வர வேண்டும். களிச் சோதனையின் கணக்கு சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆக்டின் சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு தன் இழுவிசையால் செல்லின் பின்புறத்தை முன்னே இழுக்கிறது. இந்தச் சுற்று செல்லுக்குள்ளேயே பெரும்பகுதி நிறைவுறுவதால், அதில் தரைக்கு இறங்கும் பங்கு மட்டுமே களியில் தெரியும். ஆகவே கான்டிலீவர் காட்டும் விசையும் களி காட்டும் விசையும் ஒரே விளிம்பில் எடுக்கப்பட்டாலும் ஒன்றையொன்று சரிபார்ப்பவை ஆகா.

கருவிழிக்கு வருவோம். அங்கே நகர்வது தனிச் செல் அன்று, ஒட்டிய படலம். வளர்ப்புத் தட்டில் எபிதீலியப் படலத்தின் கீழே விசையை அளந்த சேவியர் டிரேபட், ஜெஃப்ரி ஃபிரெட்பெர்க் ஆகியோரின் குழு 2009இல், இழுப்பவை முன்வரிசைச் செல்கள் மட்டுமல்ல, பல வரிசை பின்னால் இருப்பவையும் தரையைப் பிடித்து இழுக்கின்றன என்றும், படலத்துக்குள் இழுவிசை உள்ளே செல்லச் செல்லக் கூடுகிறது என்றும் காட்டியது. காயம் சிறிதாக இருந்தால் இன்னொரு பொறியும் சேர்கிறது: காயத்தின் ஓரத்துச் செல்கள் தம் ஆக்டினைத் தொடர்ச்சியான வளையமாகக் கோத்து, அந்த வளையத்தைச் சுருக்குகின்றன. எலியின் கருவிழி எபிதீலியத்தில் இந்த வளையத்தை 1998இல் பார்த்திருக்கிறார்கள். ஊர்தல் நடக்குமிடத்தில் தரை காயத்துக்கு வெளிப்புறமாக இழுக்கப்படும். வளையம் சுருங்குமிடத்தில் காயத்தின் நடுவை நோக்கி இழுக்கப்படும். ஆகவே தரை இழுக்கப்படும் திசையைப் பார்த்தே எந்தப் பொறி வேலை செய்கிறது என்று சொல்லலாம். என் பார்வையில் இந்த அளவீடுகளின் மிகப் பெரிய பயன் இது. அளவைவிடத் திசை இங்கே அதிகம் சொல்கிறது, திசையை அறிய எளிய கருவியும் போதும்.

எங்கள் கல்லூரியில் அணுவிசை நுண்ணோக்கி இல்லை. ஹாரிஸின் சிலிக்கோன் ஏட்டுக்கு வேண்டிய எண்ணெயும் சுடரும் உண்டு. மாணவர்கள் இப்போது அந்த ஏட்டைச் சீரான தடிமனில் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சுடர் சிறிது நேரம் கூடினாலும் ஏடு விறைத்து, செல்லால் மடிக்க முடியாமல் போகும். ஒப்பீட்டுக்காக, கண்ணாடிக் குச்சியைச் சூட்டில் இழுத்து மெல்லிய ஊசியாக்கி, மில்லிகிராம் எடையால் அதன் வளைவை அளந்து, அந்த ஊசியால் ஏட்டைத் தள்ளி எவ்வளவு விசைக்கு மடிப்பு விழுகிறது என்று குறித்து வைக்கிறோம். மீன் செல்லை வைப்பதற்கு முன், மடிப்பு எந்தப் பக்கம் விழும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். செல் தரையை முன்னும் பின்னுமாகச் சுருக்கினால் மடிப்புகள் அதன் பாதைக்குக் குறுக்கே விழ வேண்டும். பிறையின் இரு நுனிகளும் உட்புறமாக இழுத்தால் மடிப்புகள் போகும் திசையிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். வகுப்பு இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது.